நுண்துளை ஒளியிழை மக்கர் பண்ணும்போது: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிப்பது எப்படி?

சாதாரண சிங்கிள் மோடு ஃபைபரில் கை பழகியவர்கள், நீளவாக்கில் நுண்ணிய துளைகள் ஓடும் நுண்துளை இழைக்கு மாறும்போது, அந்தப் பழக்கமே பாதிக் கோளாறுகளை இழுத்துவிடும். முனையை ஆல்கஹாலில் துடைப்பது, இழைகளை உருக்கி ஒட்டும் ஸ்ப்ளைசரில் ஏற்கெனவே இருக்கும் புரோகிராமை ஓட்டுவது, பவர் மீட்டரில் எண் ஏறினால் ஒளி கோருக்குள் (ஒளி ஓட வேண்டிய நடுப்பகுதி) போய்விட்டது என்று எடுத்துக்கொள்வது: மூன்றுமே இங்கே வினைதான்.

சாதாரண இழையில் கோரில் ஜெர்மேனியம் கலந்திருக்கும். என்ன சூடு கொடுத்தாலும் அது பெரும்பாலும் இருந்த இடத்தில்தான் இருக்கும். பிலிப் ரஸ்ஸல், ஜொனாதன் நைட், டிம் பர்க்ஸ் குழு 1996இல் அறிவித்த முதல் ஃபோட்டானிக் கிரிஸ்டல் இழையோ முழுக்க ஒரே சிலிக்கா. நடுவில் துளை இல்லாத ஓர் இடம், சுற்றிலும் துளைகள், அவ்வளவுதான். துளை மூடிக்கொண்டால், ஒளியைக் கோருக்குள் அடக்கிவைக்கும் கிளாடிங் போச்சு, கிளாடிங் போனால் கோரும் போச்சு. அதனால் துளைக்குள் என்ன புகுந்தது, துளைக்கு எங்கே சூடு பட்டது என்று முதலில் கேளுங்கள். லேசரையும் டிடெக்டரையும் சந்தேகப்படுவது அதற்கு அப்புறம்.

கையில் இருப்பது எந்த வகை என்றும் தெரிந்திருக்க வேண்டும். திடக் கோர் இழையில் ஒளி கண்ணாடியில் போகும். வெற்றுக் கோர் இழையில் ஒளி நடுவிலுள்ள காற்றில் போகும். அதில் துளைகளின் ஒழுங்கான வரிசையே சில அலைநீளங்களை வெளியே விடாமல் தடுக்கும் ஃபோட்டானிக் பேண்ட்கேப் வகை ஒன்று, மெல்லிய கண்ணாடிக் குழாய்கள் சுற்றி நிற்கும் ஆன்டிரெசனன்ட் வகை இன்னொன்று. ஒன்றுக்குச் சொல்லும் மருந்து மற்றதற்குச் சரிவராது.

எதற்கும் முன்னால்: இரண்டு முனைகளையும் பாருங்கள்

ஒளியையும் இழையையும் நேர்ப்படுத்தும் அலைன்மென்ட் திருகைத் தொடுவதற்கு முன் லேசரை அணைத்துவிட்டு, இரண்டு முனைகளையும் மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். மறுமுனையில் ஒரு வெள்ளை விளக்கைக் காட்டினால், திடக் கோர் இழையில் கண்ணாடி வெளிச்சமாகவும் துளைகள் கரும்புள்ளிகளாகவும் தெரியும். எல்லாத் துளைகளும் திறந்திருக்கின்றனவா, ஒரே அளவில் இருக்கின்றனவா, ஏதாவது ஒரு பக்கம் மட்டும் மங்கிக் கிடக்கிறதா என்று கவனியுங்கள். மங்கிய பக்கத்தில் பெரும்பாலும் திரவம் இருக்கும்.

பிறகு கோட்டிங் உரித்த பகுதியைப் பக்கவாட்டிலும் பாருங்கள். காற்று நிரம்பிய துளைகள் ஒளியைச் சிதறடிப்பதால், இழையின் நடுவே ஒரு பட்டை தெளிவாக ஓடும். அந்தப் பட்டை முனைக்குச் சற்று முன்பே நின்று, அதற்கப்பால் இழை வெறும் கண்ணாடிக் கம்பிபோலத் தெளிந்திருந்தால், அங்கே துளை மூடியிருக்க வேண்டும், இல்லை திரவம் ஏறியிருக்க வேண்டும். மணிக்கணக்கில் அலைன்மென்ட் செய்து மண்டையை உடைத்துக்கொள்வதைவிட இந்தப் பார்வை மேல்.

அறிகுறி: மீட்டரில் பவர் இருக்கிறது, சாதனம் மட்டும் வேலை செய்யவில்லை

ஒளி கோரில் போகாமல் கிளாடிங்கில் போகிறது. பவர் மீட்டருக்கு இரண்டும் ஒன்றுதான். குறுகிய துண்டுகளில் இது அடிக்கடி நடக்கும். நீளமான இழை என்றால் கிளாடிங் ஒளி வழியிலேயே கோட்டிங் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துவிடும்.

வெளியேறும் ஒளியை ஒரு வெள்ளை அட்டையில் விழவிடுங்கள். திடக் கோர் இழை சரியாக வழிநடத்தினால் நடுவில் பளிச்சென்ற புள்ளியும் அதைச் சுற்றி ஆறு மடிச் சமச்சீரில் மங்கலான இதழ்களும் தெரியும். நடு மங்கி, சுற்றிலும் புகைபோல ஒளி பரவியிருந்தால் கோர் காலி. இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமானால் முனையை ஒரு லென்ஸ் வழியாகக் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். இழையின் நடுப்பகுதியில் சில சென்டிமீட்டர் கோட்டிங்கை உரித்து, வெளிப்புறத்தில் ஒரு துளி கிளிசரின் வைத்தாலும் தெரிந்துவிடும். அதன் ஒளிவிலகல் எண் சிலிக்காவைவிட அதிகம் என்பதால் வெளிக் கண்ணாடியில் ஓடும் ஒளி வெளியே வந்துவிடும். மீட்டர் சரிந்தால் சரிந்ததெல்லாம் கிளாடிங் ஒளி. முனைப்பக்கம் மட்டும் அந்தத் துளியைக் கொண்டுபோகாதீர்கள்.

காரணம் என்று பார்த்தால் பெரும்பாலும் லென்ஸ் தேர்வு அல்லது இழையைப் பிடித்திருக்கும் ஸ்டேஜின் நகர்வு. எவ்வளவு நகர்ந்தால் எவ்வளவு போகும் என்று ஒரு கணக்கு: மோடு (இழைக்குள் ஒளி பரவி நிற்கும் வடிவம்) ஆரம் 1 மைக்ரான் உள்ள சிறு கோர் இழையில் அரை மைக்ரான் விலகினால் சுமார் 22 சதவீத ஒளி போய்விடும். அதே அரை மைக்ரான் விலகல், 1550 நானோமீட்டரில் வேலை செய்யும் சாதாரண சிங்கிள் மோடு இழையில் 1 சதவீதம்கூட இழக்கவைக்காது. காலையில் சரியாக இருந்தது மதியம் சரிந்தால், அறைச் சூடு ஸ்டேஜை நகர்த்தியிருக்கும். நகர்வைத் தானாகத் திருத்தும் பீசோ பூட்டு இல்லாமல் 2 மைக்ரான் கோரை நாள் முழுக்கப் பிடித்துவைக்கலாம் என்று நான் நம்புவதில்லை.

நேரெதிர்த் தவறும் உண்டு. 30 மைக்ரான் கோர் கொண்ட ஆன்டிரெசனன்ட் இழையில் மோடு விட்டம் சுமார் 21 மைக்ரான். 1064 நானோமீட்டரில் அதன் நியூமெரிக்கல் அப்பெர்ச்சர் (ஒளி விரியும் கோணத்தின் அளவு) 0.03 அளவுதான். அங்கே 40 மடங்கு ஆப்ஜெக்டிவைக் கொண்டுபோய் வைத்தால் பெரும்பகுதி ஒளி கண்ணாடிச் சுவரில் போய் மோதும். 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள கற்றைக்கு 30 மில்லிமீட்டர் குவியத்தூரம் உள்ள சாதாரண லென்ஸ் போதும்.

அறிகுறி: துடைத்ததும் பவர் விழுந்தது, பிறகு ஏறவே இல்லை

ஆல்கஹால் உள்ளே போய்விட்டது. 3 மைக்ரான் துளை ஒரு தந்துகிக் குழாய். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலின் பரப்பு இழுவிசையையும் பாகுநிலையையும் வைத்துக் கணக்குப் போட்டால், முனை ஒரு நொடி நனைந்தாலே திரவம் 3 மில்லிமீட்டர் அளவுக்கு ஏறும். ஒரு நிமிடம் என்றால் 2 சென்டிமீட்டர். அசிட்டோன் இன்னும் மெலிந்தது, முதல் நொடியிலேயே 7 மில்லிமீட்டர். ஏறிய திரவம் அந்தக் குறுகிய வாய் வழியாக ஆவியாகி வெளியேற நேரம் பிடிக்கும். போனாலும் அழுக்கை உள்ளே விட்டுவிட்டுத்தான் போகும்.

திரவம் நிரம்பிய பகுதியில் துளைக்கும் கண்ணாடிக்கும் இடையே இருந்த ஒளிவிலகல் வித்தியாசம் சுருங்கிவிடும். காற்று 1, ஆல்கஹால் 1.38 அளவு, சிலிக்கா 1.45. திடக் கோரில் மோடு பருத்துக் கசியும். பேண்ட்கேப் இழையிலோ வழிநடத்தும் அலைநீளப் பட்டையே வேறு இடத்துக்குப் போய்விடும்.

சரிசெய்ய ஒரே வழி வெட்டுவதுதான். பக்கவாட்டில் பார்த்துத் திரவம் எதுவரை போயிருக்கிறது என்று குறித்துக்கொண்டு, அதற்கு மேல் தாராளமாக 2, 3 சென்டிமீட்டர் விட்டு வெட்டுங்கள். ஊதி வெளியேற்றலாம், சூடாக்கி உலர்த்தலாம் என்ற யோசனைகளில் நேரத்தைக் கொட்ட வேண்டாம்.

இனிமேல் எப்படித் துடைப்பது? துடைக்காதீர்கள். கோட்டிங்கை உரித்தபின் பக்கவாட்டை மட்டும், முனையிலிருந்து தள்ளி, ஆல்கஹால் தோய்த்த துணியால் துடையுங்கள். ஆல்கஹால் முழுக்கக் காய்ந்தபிறகு அந்தப் பகுதிக்குள் கிளீவ் செய்யுங்கள், அதாவது கீறி நேராக முறியுங்கள். புது முகத்தை எதுவும் தொடக் கூடாது. தூசு விழுந்துவிட்டால் இன்னொரு கிளீவ். அல்ட்ராசானிக் குளியலில் முனையை முக்குவது, ஒளிவிலகல் எண் ஒத்த மேட்சிங் ஜெல் போட்டு மெக்கானிக்கல் ஸ்ப்ளைஸ் செய்வது இரண்டுமே கூடாது.

அறிகுறி: நாட்கள் போகப்போக இழப்பு ஏறுகிறது, அதுவும் 1380 நானோமீட்டர் பக்கம்

ஈரம். திறந்துகிடக்கும் முனை வழியாக அறையின் ஈரக்காற்று துளைக்குள் பரவி, ஹைட்ராக்சில் கண்ணாடிப் பரப்பில் ஒட்டிக்கொள்ளும். துளைச் சுவர்களின் மொத்தப் பரப்பு பெரிது என்பதால் நுண்துளை இழைக்கு இது சாதாரண இழையைவிட அதிகம் உறைக்கும். பயன்படுத்தாதபோது முனைகளை ஸ்ப்ளைசரின் ஆர்க்கால் (மின்பொறிச் சூடு) மூடிவையுங்கள். தேவைப்படும்போது அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிடலாம். மூடாமல் அலமாரியில் மாதக்கணக்கில் கிடந்த சுருள் என்றால், முதலில் இரண்டு பக்கமும் தாராளமாக வெட்டிவிட்டுத்தான் நான் அளப்பேன்.

அறிகுறி: ஸ்ப்ளைஸ் பார்க்க அழகு, இழப்போ பல டெசிபெல்

நேரம் அதிகம் விழுங்குவது இதுதான். இரண்டு காரணங்கள் கலந்து கிடக்கும். பிரித்துப் பார்க்காமல் ஆர்க் அளவை மாற்றிக்கொண்டே போனால் விடியாது.

முதல் காரணம் மோடு அளவுப் பொருத்தமின்மை. இதற்கு ஆர்க் பொறுப்பில்லை. 10.4 மைக்ரான் மோடு விட்டமுள்ள சாதாரண இழையை 6 மைக்ரான் இழையோடு சேர்த்தால், எவ்வளவு நேர்த்தியாகச் சேர்த்தாலும் சுமார் 1.25 டெசிபெல் போகும். 2 மைக்ரான் இழை என்றால் 8.6 டெசிபெல். இந்த எண்ணைச் சேர்ப்பதற்கு முன்பே கணக்குப் போட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஸ்ப்ளைசில் அளந்த இழப்பு இதற்குப் பக்கத்தில் இருந்தால் ஸ்ப்ளைசரைத் திட்டிப் பயனில்லை. நடுவில் இடைப்பட்ட மோடு அளவுள்ள, உயர் நியூமெரிக்கல் அப்பெர்ச்சர் கொண்ட ஒரு துண்டு இழையைச் சேர்க்க வேண்டும்.

இரண்டாவது காரணம் துளைச் சரிவு. ஆர்க் சூட்டில் கண்ணாடி இளகியதும் பரப்பு இழுவிசை துளையை உள்ளே இழுத்து மூடிவிடும். மூடிய பகுதியில் கோர் இல்லாததால் ஒளி தன்பாட்டில் விரிந்துகொண்டே போகும். 6 மைக்ரான் மோடு விட்டத்தோடு 1550 நானோமீட்டரில் கிளம்பும் ஒளி, 50 மைக்ரான் நீளச் சரிவைக் கடந்தால் 13 மைக்ரான் விட்டமாகிவிடும். 200 மைக்ரான் நீளத்தைக் கடந்தால் 46 மைக்ரான். எதிரில் நிற்கும் 10 மைக்ரான் கோருக்குள் அதில் எவ்வளவு நுழையும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்ப்ளைசர் திரையில் இணைப்புக்குப் பக்கத்தில் நடுப்பட்டை காணாமல் போகும் நீளத்தை அளந்தால், சரிவு எத்தனை மைக்ரான் என்று நேராகவே தெரியும்.

சரி, என்ன செய்வது? ஆர்க் மின்னோட்டத்தையும் நேரத்தையும் வழக்கமான சிங்கிள் மோடு புரோகிராமிலிருந்து நன்றாகக் குறையுங்கள். நேரத்தை முதலில் வெட்டுங்கள், ஒரு நொடிக்கும் கீழே கொண்டுவாருங்கள். அடுத்து, இணைப்பை எலக்ட்ரோடு அச்சிலிருந்து சில பத்து மைக்ரான் தள்ளிவையுங்கள். சூட்டின் நடுப்பகுதி சாதாரண இழையின் மேல் விழ வேண்டும், துளை இழைக்கு ஓரச்சூடு மட்டும் போதும். துளை இழையில் கண்ணாடி குறைவு, சீக்கிரம் இளகும். இரண்டுக்கும் சமமாகச் சூடு கொடுத்தால் துளை இழைதான் முதலில் சரியும்.

தானியங்கிக் கோர் அலைன்மென்டை அணைத்துவிடுங்கள். ஸ்ப்ளைசரின் கேமரா துளைகளைக் கோர் என்று நினைத்துக் குழம்பும். வெளிவிட்டத்தை வைத்துத் தோராயமாகச் சேர்த்துவிட்டு, பவர் மீட்டரைப் பார்த்துக்கொண்டே கையால் நகர்த்துங்கள். ஆர்க்குக்கு முன் கிடைத்த அதிகபட்ச எண்ணைக் குறித்துவையுங்கள். ஆர்க்குக்குப் பின் எண் அதைவிட விழுந்தால் சரிவு. ஆர்க்குக்கு முன்பே எண் குறைவு என்றால் மோடு பொருத்தமின்மை, அல்லது கிளீவ் கோணம். இரண்டு காரணங்களையும் பிரிக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

குறைந்த சூட்டில் சேர்த்த இணைப்பு பலவீனமாக இருக்கும், லேசாக வளைத்தாலே பிட்டுக்கொள்ளும். இழப்புக்கும் உறுதிக்கும் நடுவே பேரம் பேசித்தான் ஆக வேண்டும். ஒரே பெரிய ஆர்க்குக்குப் பதிலாக அதே குறைந்த அளவில் அடுத்தடுத்துச் சின்ன ஆர்க்குகள் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் பின் மீட்டரைப் பாருங்கள். மிகச் சிறிய கோர் இழையில் இந்தத் தொடர் ஆர்க்குகளுக்கு இன்னொரு பலனும் உண்டு: துளைகள் திடீரென்று மூடாமல் படிப்படியாகச் சிறுத்து மோட்டை மெல்லப் பருக்கவைக்கும், பொருத்தம் கூடும். எண் ஏறி ஏறி ஓரிடத்தில் திரும்பும். திரும்பும் இடத்தில் நிறுத்துங்கள்.

அறிகுறி: கிளீவ் முகத்தில் வால்போலக் கீறல்கள்

விரிசல் துளையைச் சுற்றிப் பிரிந்து மறுபக்கம் சேரும்போது உண்டாகும் தடம் அது. துளைகளின் நிழலில் மட்டும் லேசாக இருந்து, கோர் சுத்தமாக இருந்தால் விட்டுவிடுங்கள். முகம் முழுக்கப் பிசிறாக இருந்தால் கிளீவரின் இழுவிசை அதிகம். கண்ணாடிப் பரப்பு குறைந்த இழைக்கு 125 மைக்ரான் திட இழைக்கான இழுவிசையே வலு அதிகம், படிப்படியாகக் குறையுங்கள். சிதறிய துண்டுகளைக் கையோடு டப்பாவில் போடுங்கள்.

அறிகுறி: நிறமாலையில் நீலப் பக்கம் காணோம்

பழைய பழக்கம் இங்கே கவிழ்த்துவிடும். சாதாரண இழையை வளைத்தால் நெடு அலைநீளம்தான் முதலில் கசியும். எப்போதும் ஒற்றை மோடாக இருக்கும்படி வடிவமைத்த பெரிய கோர் நுண்துளை இழையிலோ குறு அலைநீளம் முதலில் போகும். ஆபத்தான வளைவு ஆரம் துளை இடைவெளியின் முப்படிக்கு நேர்விகிதத்திலும், அலைநீளத்தின் இருபடிக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும். 1064இல் தாங்கும் வளைவை 532இல் பயன்படுத்தினால் ஆரம் நான்கு மடங்கு வேண்டும். ஸ்பூலைக் கழற்றி இழையை மேசையில் நேராகப் போட்டுப் பாருங்கள். நீலம் திரும்பி வந்தால் விஷயம் முடிந்தது.

அறிகுறி: சூப்பர்கன்டினியம் (லேசர் துடிப்பு இழைக்குள் அகன்ற நிறப்பட்டையாவது) விரியவில்லை, அல்லது துடிக்கிறது

2000இல் பெல் ஆய்வகத்தில் ரங்கா, விண்ட்லர், ஸ்டென்ட்ஸ் மூவரும் வெறும் 75 சென்டிமீட்டர் நுண்துளை இழையில் ஒரு நானோஜூலுக்கும் குறைந்த ஃபெம்டோநொடித் துடிப்பை விட்டே ஊதாவிலிருந்து அகச்சிவப்பு வரை விரித்துக் காட்டினார்கள். ஆக, விரியவில்லை என்றால் ஆற்றல் போதவில்லை என்று உடனே பவரைக் கூட்டாதீர்கள். முனை கருகும்.

சராசரிப் பவர் நன்றாக இருந்தும் விரியவில்லையா? கிளாடிங் சோதனையை முதலில் செய்யுங்கள். மீட்டர் காட்டும் பவரில் பாதி கோரில் இல்லாமல் இருக்கலாம். அது சரி என்றால் துடிப்பின் அகலத்தைப் பாருங்கள். ஒளி லேசருக்குத் திரும்பாமல் தடுக்கும் ஐசொலேட்டரும் தடித்த ஆப்ஜெக்டிவும் 100 ஃபெம்டோநொடித் துடிப்பை நீட்டிவிடும், உச்சப் பவர் விழும். இழைக்குள் விடும் முன்பே அந்த நீட்சியைச் சரிக்கட்டும் சர்ப் ஈடுகட்டல் வேண்டும். அடுத்தது பம்ப் அலைநீளம்: இழையின் சுழி டிஸ்பர்ஷன் புள்ளிக்கு (அக்கம்பக்க நிறங்களின் வேக வித்தியாசம் சுழியாகும் அலைநீளம்) அருகிலோ, சற்று நெடிய பக்கத்திலோ இருந்தால்தான் சாலிடான்கள் (வடிவம் குலையாமல் ஓடும் துடிப்புகள்) பிறந்து உடைந்து பட்டை அகலும். குறுகிய பக்கம் வெகுதூரம் தள்ளி நின்றால் துடிப்பு கொஞ்சம் பருத்துவிட்டுச் சும்மா இருந்துவிடும். போலரைசேஷனையும் அரை அலைத் தகட்டால் சுழற்றிப் பாருங்கள், நிறம் மாறுவது கண்ணுக்கே தெரியும்.

துடிப்பது என்றால் லேசரின் மோடு லாக் (குறுந்துடிப்பை உண்டாக்கும் ஒத்திசைவு) அறுகிறதா என்று பாருங்கள். தட்டையான முனை சுமார் 3.5 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும்; ஐசொலேட்டர் இல்லாமல் ஓட்டினால் லேசர் தடுமாறும். கோணக் கிளீவ் உதவும். நீண்ட துடிப்பு பம்ப் என்றால் விரிவே இரைச்சலிலிருந்து கிளம்புவது, அதை அலைன்மென்டால் அமைதியாக்க முடியாது. குறுந்துடிப்பும் முழுக்க நார்மல் டிஸ்பர்ஷன் இழையும் வாங்குவதுதான் வழி.

முனை அடிக்கடி எரிந்தால் கணக்கைப் பாருங்கள். 2 மைக்ரான் விட்டத்தில் 1 வாட் என்பது சதுர சென்டிமீட்டருக்கு 3 கோடி வாட். ஒரு தூசு போதும். இங்கே துளைச் சரிவை வேண்டுமென்றே உண்டாக்குங்கள். முனையில் 100 மைக்ரான் நீளத்துக்குத் துளைகளை மூடிவிட்டால், 800 நானோமீட்டரில் 1 மைக்ரான் ஆரம் உள்ள கற்றை வெளிமுகத்தில் 17 மைக்ரான் ஆரத்துக்கு விரியும், செறிவு முந்நூறில் ஒரு பங்காகும். ஈரமும் உள்ளே போகாது. 350 மைக்ரானைத் தொட்டால் கற்றை இழையின் வெளிச்சுவரில் மோதும், அந்த அளவுக்குப் போக வேண்டாம்.

அறிகுறி: இன்டர்ஃபெரோமீட்டர் சென்சாரில் பட்டைகள் ஆழமில்லை, அல்லது நகர்கின்றன

சாதாரண இழை, நுண்துளை இழை, சாதாரண இழை என்று இரண்டு ஸ்ப்ளைஸ்களோடு செய்யும் சென்சாரில் சரிவுதான் ஒளியைக் கோருக்கும் கிளாடிங்குக்கும் பிரிக்கும் பீம் ஸ்ப்ளிட்டர். அங்கே சரிவை 50 மைக்ரானுக்குக் குறைத்துவிட்டு, பட்டை ஆழமில்லை என்று அலுத்துக்கொள்ளக் கூடாது. கிளாடிங் மோடும் தூண்டப்பட வேண்டுமானால் 200 மைக்ரானை ஒட்டிய சரிவு வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே நீளத்தில் இருக்கட்டும். பட்டை இடைவெளி எதிர்பார்த்ததற்குப் பொருந்தவில்லையா? அலைநீளத்தின் இருபடியை, மோடுகளின் ஒளிவிலகல் வித்தியாசத்தையும் இழை நீளத்தையும் பெருக்கிய எண்ணால் வகுத்துப் பாருங்கள். பெரும்பாலும் நீளத்தை அளந்ததில் பிழை இருக்கும்.

முழுச் சிலிக்கா இழையில் வெப்பநிலையால் பட்டை நகர்வது டிகிரிக்குச் சுமார் 10 பிக்கோமீட்டர் அளவுதான். அதைவிடப் பல மடங்கு ஓடினால் இழையை விட்டுவிட்டு ஒட்டிய பசையையும் கோட்டிங்கையும் பாருங்கள். பாலிமர் ஈரத்தில் உப்பி இழையை இழுக்கும்.

அறிகுறி: வெற்றுக் கோரில் மட்டும் வரும் விசித்திரங்கள்

1350 முதல் 1450 நானோமீட்டருக்குள் கூர்மையான பள்ளங்கள் வரிசையாகத் தெரிந்தால், கோருக்குள் இருக்கும் நீராவிதான். உலர் நைட்ரஜன் செலுத்துங்கள். தானாகப் பரவி வெளியேறும் என்று காத்திருந்தால் நேரம் நீளத்தின் இருபடியோடு ஏறும்: இரண்டு முனையும் திறந்த 1 மீட்டருக்கு ஒரு மணி நேரத்தை ஒட்டி, 10 மீட்டருக்கு அதன் நூறு மடங்கு. அழுத்தம் கொடுத்துத் தள்ளுவதே மேல். வாயுச் சென்சார் மந்தமாகப் பதில் சொல்கிறது என்பதற்கும் இதே கணக்குதான்.

பள்ளம் அகலமாக, எப்போதும் ஒரே இடத்தில் இருந்தால் அது இழையின் பிறவிக்குணம். ஆன்டிரெசனன்ட் இழையில் குழாய்ச் சுவரின் தடிமனை 2.1ஆல் பெருக்கினால் முதல் இழப்பு அலைநீளம் கிடைக்கும், அதில் பாதி அடுத்தது. 500 நானோமீட்டர் சுவர் என்றால் 1050, 525. அந்த இடங்களில் லேசரை வைத்து யாராலும் ஒளி கடத்த முடியாது. வேறு இழை வாங்குங்கள். பேண்ட்கேப் இழையில் இடையிடையே வரும் முட்கள் மேற்பரப்பு மோடுகள், அதாவது கோர்ச் சுவரை ஒட்டி ஓடும் ஒளி. அலைநீளத்தைக் கொஞ்சம் நகர்த்தித் தப்பிக்கலாம்.

கடைசியாக ஓடிடிஆர், அதாவது ஒளித்துடிப்பு திரும்பி வரும் நேரத்தை வைத்து இழை நீளத்தை அளக்கும் கருவி. சாதாரண இழைக்கான 1.468 குழு ஒளிவிலகல் எண்ணோடு வெற்றுக் கோரை அளந்தால் 1000 மீட்டர் சுருள் 683 மீட்டர் என்று காட்டும். இழை எங்கேயும் உடையவில்லை, எண்ணை 1.003க்கு மாற்றினால் போதும். பின்சிதறல் மிகமிகக் குறைவு என்பதால் இடையில் கோடு இரைச்சலுக்குள் அமிழ்ந்திருக்கும். இரு முனைகளின் பிரதிபலிப்பு முட்களை மட்டும் வைத்து நீளத்தைப் படித்துக்கொள்ளுங்கள்.